மேட்டூர்க் கணக்கும் கடைமடைக் கணக்கும்

சம்பா நடவு முடிந்து, களையெடுப்பு நடக்கும் சமயத்தில் திருவேட்டக்குடிப் பக்கம் இரண்டு விவசாயிகள் வரப்பில் சந்தித்துக்கொண்டால் முதல் பேச்சு தண்ணீரைப் பற்றித்தான். "மேட்டூரில் எத்தனை கன அடி திறந்திருக்காங்களாம்?" என்று இளையவர் கேட்பார். "அவங்க எத்தனை திறந்தா என்ன தம்பி, நம்ம மடைக்கு வந்துச்சா, அதைச் சொல்லு" என்பார் பெரியவர்.

இந்தப் பதிலில் பெரிய பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது. மேட்டூரில் திறந்துவிட்ட நீருக்குக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் பொய் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. ஆனால் கல்லணை தாண்டி, ஆறாகவும் வாய்க்காலாகவும் கன்னியாகவும் பிரிந்து, கடலோரத்தில் இருக்கும் நம் வயலுக்கு எவ்வளவு வந்தது என்பது வேறு கணக்கு. முதல் கணக்கை வைத்து இரண்டாவது கணக்கை எழுத முடியாது. கடைமடைக்காரனுக்கு இது யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அரசாங்கம் மக்களுக்காகப் போடும் திட்டங்களும் இப்படித்தான். கல்வி, சுகாதாரம், ரேஷன், உதவித் தொகை என்று எதை எடுத்துக்கொண்டாலும், "இத்தனை கோடி ஒதுக்கினோம், இத்தனை பேருக்கு வழங்கினோம்" என்ற மேட்டூர்க் கணக்கு நமக்குத் தவறாமல் கிடைக்கிறது. கடைமடையில் நின்று எடுத்த கணக்கு அபூர்வமாகவே கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்தான் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அரிசிக்குப் பதில் பணம்

இதற்கு உதாரணம் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. நம் புதுச்சேரி மாநிலத்திலேயே, நம் அடுப்பங்கரையிலேயே நடந்த கதை இருக்கிறது.

2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2015 ஆகஸ்டில், தானியத்துக்குப் பதிலாகப் பயனாளியின் வங்கிக் கணக்கில் பணமாகச் செலுத்துவதற்கான விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. அடுத்த மாதமே புதுச்சேரியும் சண்டிகரும் அந்த முறைக்கு மாறின. தாத்ரா நாகர் ஹவேலி மறு ஆண்டில் சேர்ந்துகொண்டது. இந்த மூன்று யூனியன் பிரதேசங்களும்தான் நாட்டுக்கே சோதனை வயலாக அமைந்தன.

எவ்வளவு பணம் என்பதற்கு ஒரு சூத்திரம் வைத்தார்கள். தானியத்தின் குறைந்தபட்ச ஆதரவு விலையைப் போல ஒன்றேகால் மடங்கு. அதில் ரேஷனில் கொடுக்க வேண்டிய விலையைக் கழித்தது போக மீதி. ஆக, நாம் விற்கும் நெல்லுக்கு என்ன ஆதரவு விலையோ, அதுவே நாம் வாங்கும் அரிசிக்கான பணத்துக்கும் அளவுகோலாயிற்று. ஆதரவு விலை வருடத்துக்கு ஒரு முறை மாறும். மளிகைக் கடை அரிசி விலை மாதத்துக்கு மாதம் மாறும். இந்த இடைவெளியைச் சிறு விவசாயி நன்றாக அறிவான். களத்துமேட்டில் விற்பவனும் அவனே, ஐப்பசி கார்த்திகையில் அரிசி வாங்கித் தின்பவனும் அவனே.

திட்டத்தை ஆதரித்தவர்கள் சொன்ன காரணங்கள் அற்பமானவை அல்ல. எடை குறைப்பு, தரக் குறைவு, கடத்தல் எல்லாம் ஒழியும். தனக்குப் பிடித்த அரிசியைப் பயனாளி வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். எதிர்த்தவர்களும் காரணத்தோடுதான் பேசினார்கள். விலை ஏறினால் பணம் போதாது; வங்கிக்கு அலைய வேண்டும்; பணமாகக் கொடுத்தால் அது உலைக்குப் போகும் என்பது என்ன நிச்சயம் என்று கேட்டார்கள். இரு தரப்பும் நியாயம் பேசும்போது, யார் உரக்கப் பேசுகிறார்கள் என்று பார்த்து முடிவு செய்வதா, வயலில் இறங்கிப் பார்த்து முடிவு செய்வதா?

இறங்கிப் பார்த்தபோது

நல்ல வேளையாக, ஒரு பகுதி இறங்கிப் பார்க்கப்பட்டது. நிதி ஆயோக் கேட்டுக்கொண்டதன் பேரில் 'ஜே-பால்' என்ற ஆய்வு நிறுவனம் இந்த மூன்று பிரதேசங்களிலும் வீடு வீடாகப் போய், ஒரு முறையோடு நிற்காமல் பல சுற்றுகளாக விசாரித்தது. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் அதை நடத்தினார்கள். 2017-இல் அறிக்கை வந்தது.

அதில் வந்த முக்கியமான செய்தி நம் பெரியவர் வரப்பில் சொன்னதேதான். அரசுப் பதிவேட்டின்படி, செலுத்திய பணத்தில் போய்ச் சேராதது மிகச் சிறிய பங்கு. பயனாளிகளைக் கேட்டபோதோ, ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தமக்குப் பணம் வரவில்லை என்றார்கள்.

இதில் யார் பொய் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. என் தெருவில் கூலி வேலை செய்யும் பெரியம்மா ஒருவரின் அனுபவத்தைச் சொன்னால் விளங்கும். பணம் வந்துவிட்டதாக அவர் பேரனின் தொலைபேசிக்குத் தகவல் வந்தது. பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். வரவு இல்லை. மறுபடி போனார், இல்லை. மூன்றாம் முறை போனபோதுதான், எப்போதோ நூறு நாள் வேலைக்காக வேறொரு வங்கியில் திறந்து, அவரே மறந்துபோன கணக்கில் பணம் ஏறிக்கொண்டிருப்பது தெரிந்தது. மூன்று நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போயிற்று. பதிவேட்டில் அவர் பணம் பெற்றவர். வீட்டில் அவர் பெறாதவர். மேட்டூர்க் கணக்கும் சரி, கடைமடைக் கணக்கும் சரி. நடுவில் எங்கோ மதகு அடைத்திருந்தது.

இன்னொரு செய்தியும் அந்த ஆய்வில் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாள் ஆக ஆக, பணமே மேல் என்று சொன்னவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்தது. தொடக்கத்தில் பட்ட அலைச்சலும் குறைந்தது. ஆகவே முதல் மாதத்துக் கூச்சலை மட்டும் கேட்டு முடிவு கட்டியிருந்தாலும் தவறு. பதிவேட்டை மட்டும் பார்த்து முடிவு கட்டியிருந்தாலும் தவறு. திரும்பத் திரும்பப் போய்க் கேட்டதால்தான் இரண்டும் தெரிந்தன.

ஜார்க்கண்ட் மாநிலத்தில், ராஞ்சி மாவட்டம் நக்ரி வட்டாரத்திலும் 2017 அக்டோபரில் இதே போன்ற சோதனை நடந்தது. அங்கே ரேஷன் கடையை மூடவில்லை. பணத்தை வங்கியில் எடுத்து, அதே கடையில் கொண்டுபோய் முழு விலை கொடுத்து அரிசி வாங்க வேண்டும். ஒரு ரூபாய் அரிசிக்கு வங்கி ஒரு நாள், கடை ஒரு நாள் என்று ஏழைகள் அலைந்தார்கள். வீடு வீடாகக் கேட்டபோது மிகப் பெரும்பாலானோர் பழைய முறையே வேண்டும் என்றார்கள். 2018-இல் அது கைவிடப்பட்டது. 'அரிசிக்குப் பதில் பணம்' என்ற ஒரே பெயரில், ஓர் ஊரில் போகப் போகப் பலருக்குப் பிடித்தது, மற்றோர் ஊரில் யாருக்கும் பிடிக்கவில்லை. திட்டத்தின் பெயரைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. மண்ணைப் பார்க்க வேண்டும், பாய்ச்சிய விதத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் புதுச்சேரியில் பிறகு என்ன நடந்தது? மாநில அரசின் சொந்த இலவச அரிசித் திட்டத்தையும் அரிசியாகவே கொடுப்பதா, சிவப்பு அட்டைக்கு 600 ரூபாய், மஞ்சள் அட்டைக்கு 300 ரூபாய் என்று பணமாகக் கொடுப்பதா என்பதில் அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் முதல்வர் நாராயணசாமிக்கும் மூண்ட பூசல் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. வழக்கில் பேசப்பட்டது யாருக்கு அதிகாரம் என்பது. பெரியம்மாவின் உலையில் என்ன வெந்தது என்பது அங்கே பேசப்படவில்லை. மூடிக் கிடந்த ரேஷன் கடைகள் கடைசியில் 2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி, முதல்வர் ரங்கசாமி ஆட்சியில் மறுபடியும் திறக்கப்பட்டன. அரிசியும் சர்க்கரையும் வழங்கப்பட்டன. மூடியதும் சரியா, திறந்ததும் சரியா? வீட்டுக்கு வீடு அபிப்பிராயம் உண்டு. ஆதாரம் காட்டிச் சொல்லத்தான் ஆளில்லை. ஏன் தெரியுமா? ஒப்பீட்டுப் பாத்தி விடாமல் முழு வயலிலும் ஒரே நாளில் புது விதையைத் தெளித்துவிட்டார்கள்.

ஒப்பீட்டுப் பாத்தி

இதை என் சொந்த முட்டாள்தனத்தைக் கொண்டே விளக்குகிறேன். பொன்மணி என்று நாம் சொல்லும் சி.ஆர். 1009 ரகத்தில், வெள்ளத்தில் இரண்டு வாரம் போல மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும் 'சப்-1' வந்தபோது, சோதித்துப் பார்க்க எண்ணினேன். பத்து மாவில் மேட்டுப் பக்கம் ஐந்து மாவில் பழையதை நட்டேன்; பள்ளத்துப் பக்கம் ஐந்து மாவில் புதியதை நட்டேன். அந்த வருடம் பெருமழை இல்லை. பள்ளத்தில் கடலோரத்து உப்பு மட்டும் ஏறியது. மகசூல் குறைந்தது. "புது விதை உதவாது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அனுபவப்பட்ட ஒருவர்தான் தடுத்தார். "மாப்பிள்ளை, நீ விதையைச் சோதிக்கலை, மேட்டையும் பள்ளத்தையும் சோதிச்சிருக்கே" என்றார்.

ஒரே மண், ஒரே எரு, ஒரே தண்ணீர், விதை மட்டும் வேறு என்றிருந்தால்தான் அது சோதனை. எந்தப் பாத்திக்கு எந்த விதை என்பதை நம் விருப்பப்படி தீர்மானிக்காமல் சீட்டுப் போட்டுத் தீர்மானித்தால் இன்னும் நல்லது. நல்ல பாத்தியை நமக்குப் பிடித்த விதைக்குக் கொடுத்துவிடும் ஆசை அப்போது எடுபடாது. இந்த முறையை ஒழுங்குபடுத்தித் தந்தவர் ரொனால்டு ஃபிஷர். 1919-இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, பயிர்ச் சோதனைகளின் கணக்கைப் பார்த்தவர் அவர். அங்கிருந்துதான் அது மருந்துச் சோதனைக்குப் போயிற்று. பிறகு பள்ளிக்கூடம், சத்துணவு, கடன் உதவி என்று பொதுத் திட்டங்களுக்கும் போயிற்று. இவ்வழியில் வறுமை ஒழிப்புத் திட்டங்களைச் சோதித்ததற்காகவே 2019-இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீமர் ஆகிய மூவருக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ஆக, இது பட்டணத்துப் படிப்பாளிகளின் வித்தை என்று நாம் ஒதுங்க வேண்டாம். வயலில் பிறந்த வித்தை, நம் சொத்து.

தமிழ்நாட்டில் கண்டது

பக்கத்துத் தமிழ்நாட்டில் இப்படிச் செய்து பார்த்த காரியங்கள் இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, அங்கன்வாடி. ஒரே பணியாளர் சமையலையும் கவனித்து, எடையும் பார்த்து, பதிவேடும் எழுதி, பாடமும் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. கூட ஓர் அரை நேரப் பணியாளரைப் போட்டால் பலன் உண்டா, வீண் செலவா? 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, சீட்டுப் போட்டுப் பாதிக்கு மட்டும் கூடுதல் ஆளைக் கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தார்கள். பாடம் சொல்லித் தரும் நேரம் இரு மடங்காகியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். அதோடு, வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாத குழந்தைகளும், கடுமையான ஊட்டக் குறைவுள்ள குழந்தைகளும் அந்த மையங்களில் குறைந்திருந்தார்கள். பக்கத்துப் பாதி இருந்ததால்தான், இது கூடுதல் ஆளின் பலன், மழை நன்றாகப் பெய்ததன் பலன் அல்ல என்று அடித்துச் சொல்ல முடிந்தது.

மற்றொன்று, 'இல்லம் தேடிக் கல்வி'. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபரில் தொடங்கிய மாலை நேர வகுப்பு. நல்ல காலமாக, 2019-லேயே சில கிராமங்களில் பிள்ளைகளின் படிப்பை அளந்து வைத்திருந்தார்கள். அதே கிராமங்களுக்கு 2021 டிசம்பரில் மறுபடி போய், சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். படிப்பு பெரிதும் பின்தங்கியிருந்தது. ஆனால் ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீண்டதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் என்று கண்டார்கள். முன்கூட்டியே அளந்து வைத்த கணக்கு இல்லாவிட்டால் இதைச் சொல்லியிருக்க முடியுமா? நடவுக்கு முன் மண் பரிசோதனை செய்தவனுக்குத்தான் எருவின் பலன் தெரியும்.

மெக்சிகோ தேசத்தில் 1997-இல், பிள்ளைகளைப் பள்ளிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்பும் ஏழைத் தாய்மாருக்குப் பணம் கொடுக்கும் திட்டம் வந்தது. 506 கிராமங்களில் சீட்டு முறைப்படி 320 கிராமங்களுக்கு முதலிலும், மீதி 186-க்குப் பிறகும் கொடுத்து, வித்தியாசத்தை அளந்தார்கள். 2000-இல் ஆட்சி வேறு கட்சிக்கு மாறியது. திட்டத்தின் பெயரும் பின்னர் மாறியது, திட்டம் நின்றுவிடவில்லை. பலன் உண்டு என்பதற்குக் கையில் கணக்கு இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆளுக்கு ஆள் மூடித் திறக்கும் நம் ரேஷன் கடையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எழும் ஆட்சேபங்கள்

"ஏழையின் வயிற்றில் சோதனை செய்வதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பசித்தவனுக்குச் சோறு போடலாமா என்பதற்குச் சோதனை வேண்டியதில்லை. 1956-இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோதும், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக அதை விரிவாக்கியபோதும் அறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை, காத்திருந்திருக்கவும் கூடாது. எப்படிப் போட்டால் அந்தச் சோறு குறையாமல் அவன் இலைக்கு வந்து சேரும் என்பதற்குத்தான் சோதனை. பணமாகவா, அரிசியாகவா? கடையிலா, வீட்டு வாசலிலா? இவற்றை வாதத்தால் தீர்க்க முடியாது.

"சீட்டுப் போட்டு ஒரு தெருவுக்குக் கொடுத்து, மறு தெருவைக் காக்க வைப்பது அநியாயம் அல்லவா?" என்றும் கேட்கலாம். எந்தப் புதுத் திட்டமும் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. யாரோ முந்துகிறார்கள், யாரோ பிந்துகிறார்கள். இப்போது முந்துவது யார்? செல்வாக்குள்ள தெரு. சீட்டுப் போட்டால் செல்வாக்குக்கு வேலை இல்லை. ஊர்ச் சபைக்கு ஆளைக் குடவோலையில் சீட்டெடுத்துத் தேர்ந்ததை உத்திரமேரூர்க் கல்வெட்டில் பத்தாம் நூற்றாண்டிலேயே பொறித்து வைத்த நாடு இது. நமக்குச் சீட்டு புதிதல்ல.

"நமக்கு எதற்கு இந்த வேலை, அதிகாரிகள் பார்த்துக்கொள்ளட்டும்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பயிர்க் காப்பீட்டுத் தொகை கேட்டால் அரசாங்கம் நம் வார்த்தையை நம்பிக் கொடுக்கிறதா? சீட்டு முறையில் வயலைத் தேர்ந்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து, நிறுத்துப் பார்த்து, பயிர் அறுவடைப் பரிசோதனையின் கணக்குப்படிதான் தருகிறது. சரி, அதில் தவறில்லை. நம் நஷ்டத்துக்குச் சான்று கேட்கும் அரசிடம், அதன் திட்டங்களின் லாபத்துக்கு நாம் சான்று கேட்பதிலும் தவறில்லை.

செய்ய வேண்டியவை

காரைக்கால் பகுதி சோதனைக்கு வசதியான அளவு கொண்டது. ஒரு நகராட்சி, திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்று ஐந்து கொம்யூன்கள். அடுத்து எந்தப் புதுத் திட்டம் வந்தாலும் மூன்று காரியங்களை நாம் வற்புறுத்த வேண்டும். முதலாவது, தொடங்குமுன் இன்றைய நிலையை அளந்து வைக்க வேண்டும். இரண்டாவது, சீட்டுப் போட்டுச் சில ஊர்களில் முதலிலும், மற்ற ஊர்களில் ஓராண்டு கழித்தும் தொடங்க வேண்டும். மூன்றாவது, பதிவேட்டைப் பாராமல் வீட்டுக்கு வந்து கேட்டு, கிடைத்த கணக்கை, அது சாதகமானாலும் பாதகமானாலும், தமிழில் எழுதிக் கொம்யூன் அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும்.

நம் பங்குக்கும் ஒரு வேலை உண்டு. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். ரேஷனோ, உதவித் தொகையோ, உர மானியமோ, எந்தத் தேதியில் வர வேண்டியது, எந்தத் தேதியில் வந்தது, எவ்வளவு வந்தது, அதை வாங்க எத்தனை நாள் கூலி போயிற்று என்று நான்கு பத்தி போட்டு எழுதி வையுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதித் தரட்டும். ஒரு வீட்டு நோட்டு வெறும் குறை. ஒரு தெருவே எழுதி வைத்தால் அது கணக்கு. குறையைக் கேட்டு அதிகாரி தலையாட்டி அனுப்பிவிடலாம். கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மேட்டூரில் திறக்கிற சேதி பத்திரிகையில் வரும். நம் மடைக்கு வந்த சேதியை நாம்தான் எழுத வேண்டும்.